முள் தின்ற தட்டு

அத்தியாயம் 14

போன வாரம் லெசெட்ஜாவைத் துணி அலமாரிக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் ஒரு தலையணை உறை. உறைக்குள் ஓர் இசைத்தட்டு. அதைக் குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். அறுபத்திரண்டு வயது மனிதர் தன் வீட்டிலேயே திருடனைப் போலப் பதுங்குவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. திருடனைப் போல என்ன, திருடன்தான். அந்த வீட்டில் அது இன்னும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமெலோடி ஊரில் ஜாஸ் இசைத்தட்டுச் சங்கத்து ஆள் ஒருவர் இறந்துபோனால், டவுன் வியாபாரிகள் வந்து குடும்பத்தை ஏமாற்றிவிடக் கூடாதே என்று, சங்கம் ஒருவரை அனுப்பும். அவர் ஒவ்வொரு ரெக்கார்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தரம் சொல்லி, பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். இருபது வருடமாக அந்த ஒருவர் லெசெட்ஜா. அவர் கண்ணுக்கு அப்படி ஒரு பேர்.

ஏப்ரலில் அவருடைய நண்பர் மாட்டோமே இறந்தார். ஜூனில் லெசெட்ஜா அந்த வீட்டுக்குப் போனார். மகள் ஹுனாடி கூடப் போய்ப் பட்டியல் எழுதினாள். நூற்றுப் பத்துத் தட்டுகளுக்கு உள்ளதை உள்ளபடி சொன்ன மனிதர், நூற்றுப் பதினோராவதை எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். 'ஹில்டாப் சிக்ஸ்' குழு போட்ட ஒரே ரெக்கார்டு அது. மொத்தமே இருநூறு பிரதி. வெள்ளையர் அரசு எங்கள் வீடுகளை இடித்துக் குடும்பங்களை லாரியில் ஏற்றிய காலத்தில் பெரும்பாலும் உடைந்து போயிற்று. முப்பது வருடத்துக்கு முன், ஒரு கடை மூடுகிற நாளில், மாட்டோமே அரை மணி நேரம் முந்திக்கொண்டு போய் வாங்கியது. லெசெட்ஜா அந்த அரை மணி நேரத்தை ஒருநாளும் மறந்ததில்லை.

தட்டைச் சாய்த்தார். வெளிச்சம் ஓரத்திலிருந்து ஓரம் வரை எங்கும் தடுக்காமல் ஓடியது. ஒரு கீறல் இல்லை. நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "முள் தின்னுடுச்சு. முழுசா."

அந்த வார்த்தையை அவர் தெரியாமல் எடுக்கவில்லை. தூசி என்றால் கழுவிப் பார்க்கலாம் என்பார்கள். கீறல் என்றால் எங்கே காட்டு என்பார்கள். முள் தின்றது என்றால் மறுபேச்சு கிடையாது. பிளேயரின் கனமான முள் ஓடி ஓடிப் பாட்டின் பள்ளத்தையே அரித்துவிட்டது என்று பொருள். அதைத் திரும்பிப் பார்க்கக்கூட ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அதைக் கேட்டதும் மாட்டோமேயின் மனைவி மோசிமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நான்தான்," என்றாள். கணவர் ஃபேக்டரிக்குப் போயிருந்த பகல்களில், அவருக்குத் தெரியாமல் அந்த ரெக்கார்டை எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறாள். முள் துள்ளியது என்று முள்ளின் தலையில் பாரத்துக்கு இருபது சென்ட் காசை வைத்து ஓட்டியிருக்கிறாள். ஐந்தாறு தடவை. அவர் சாகும்வரை அவரிடம் சொல்லவில்லை. "இத என் கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிடுங்க," என்று அவளே அதை லெசெட்ஜாவிடம் விட்டுவிட்டாள்.

அவரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இதுவரைக்கும்தான் கதை.

*

இன்று ஜூலையின் இரண்டாவது ஞாயிறு. எங்கள் பக்கத்தில் நடுக் குளிர்காலம். சங்கம் லெசெட்ஜா வீட்டில் கூடுகிற முறை.

விடிந்ததிலிருந்து அவர் மனைவி மெலிட்டா பின்கட்டில் மாட்டுக் குடலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. விரல் விறைத்துப்போன கோபத்தை யாரிடமாவது காட்ட வேண்டும். கணவர் அந்த நேரம் பார்த்து டீக்கு வந்தார்.

"மூணு வாரமா விடிஞ்சதும் விடியாததுமா ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அப்படி என்ன கேக்கறீங்க?"

"எல்லாம் பழசுதான்."

"பழசக் கேக்க எதுக்குக் கதவச் சாத்தணும்?"

"குளிருது மெலிட்டா."

"குளிருதாம்! இங்க ஒருத்தி ஐஸ் தண்ணியில கைய விட்டுக்கிட்டு நிக்கறா, இவருக்கு ஹெட்போனுக்குள்ள குளிருது."

வேறு நாளாக இருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். இன்று டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மெலிட்டா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவளுக்கு முதுகும் பேசும்.

பதினோரு மணிக்குச் சங்கத் தலைவர் கபோ வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பியும் இரண்டு நிறக் காலணியும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்ப மாட்டார். கூடவே ஸ்டான்லி, ஒலிபெருக்கிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான். சங்கத்தில் அவன்தான் இளையவன். அதாவது ஐம்பது.

கபோ மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்தார். "சர்ச் வாசல்ல பழைய சாமான் வித்தாங்க. பாத்ததும் எடுத்துட்டேன். நீ ஒரு தரம் பாரு."

லெசெட்ஜா ஜன்னலுக்குப் போனார். தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில், ஓரத்தை மட்டும் தொட்டு ஏந்தினார். வெயிலில் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். நடுத் துளையைச் சுற்றிப் பார்த்தார். பிளேயரின் நடுக் கம்பியைத் தேடித் தேடித் தடவிய கோடுகள் அங்கே நிறைய இருந்தன. அட்டையை முகர்ந்தார்.

"நிறைய ஓடியிருக்கு. துளையப் பாரு, எத்தனை கை மாறியிருக்கோ. மேல இருக்கறதெல்லாம் காகிதம் உரசின கீறல். நகத்த வச்சுத் தடவு, தட்டுதா? தட்டல. கழுவினா நல்லாக் கேக்கும். 'நல்லது'ன்னு போட்டுக்கோ. அதுக்கு மேல போடாத."

"அண்ணே, அப்படியே எம் பொண்டாட்டியையும் ஒரு தரம் பாத்துச் சொல்லிடுங்க," என்றான் ஸ்டான்லி.

"உன்னப் பாக்கச் சொல்லட்டுமா?" என்று பின்கட்டிலிருந்து மெலிட்டாவின் குரல் வந்தது. "ஓரமெல்லாம் வளைஞ்சுபோய்க் கெடக்கற!"

கபோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தட்டை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாட்டோமேயோட ஹில்டாப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறல. வேற எவன் சொல்லியிருந்தாலும் நானே போய் ஒரு தடவ பாத்திருப்பேன். நீ சொன்னியேன்னு விட்டேன்."

லெசெட்ஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கபோ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கையைத்தான் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

பன்னிரண்டரைக்கு மெலிட்டா மகளைக் கூப்பிட்டு, "அந்த வெள்ளை மேசைத் துணிய எடுத்துட்டு வா. பெரிய அலமாரியில இருக்கும்," என்றாள்.

ஹுனாடிக்கு இருபத்தெட்டு வயது. ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். நல்ல செய்தி எதுவும் அவள் வாயில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தங்காது. அவளுடைய ஒரே குறை என்று நான் அதைத்தான் சொல்வேன்.

மேசைத் துணி கிடைக்கவில்லை. கம்பளிகளைத் தூக்கினாள். தலையணை உறை கையில் சிக்கியது. உள்ளே கையை விட்டவள், அட்டையில் ஆறு மனிதர்களின் மங்கிய படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தட்டை வெளியே எடுத்து விளக்கடியில் சாய்த்தாள். அப்பா அளவுக்கு அவளுக்கு நுட்பம் தெரியாதுதான். ஆனால் முள் அரித்த இடம் சாம்பல் பூத்துக் கிடக்கும் என்கிற அளவுக்குத் தெரியும். இங்கே கறுப்பு முழுக்கக் கறுப்பாகவே இருந்தது.

சமையலறைக்கு ஓடினாள்.

"மம்மா, இதப் பாரேன்! 'முள் தின்றது'ன்னு நானே என் கையால எழுதினேன். பப்பா சரி பண்ணிட்டாரு!"

மெலிட்டா கரண்டியை வைத்தாள். "எங்க இருந்துச்சு?"

"கம்பளிக்கு அடியில. தலையணை உறைக்குள்ள."

மெலிட்டா தட்டைப் பார்க்கவில்லை. தலையணை உறையைத்தான் பார்த்தாள். "எடுத்த இடத்துலயே வச்சிடு."

"ஏன் மம்மா?"

"வைன்னா வை. சொல்றதா இருந்தா உங்கப்பா சொல்லட்டும்."

"அவரு எங்க சொல்லுவாரு? தன்னப் பத்திப் பெருமையா ஒரு வார்த்த பேசத் தெரியாத மனுஷன்."

வெளியே யாரோ மெலிட்டாவைக் கூப்பிட்டார்கள். அவள் போக வேண்டியதாயிற்று. ஹுனாடி தட்டை எடுத்த இடத்தில் வைக்கவில்லை.

*

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் நடக்கிற வீட்டுக்காரர் போடுகிற முதல் ரெக்கார்டை, கடைசியாக இறந்த உறுப்பினரை நினைத்து, எல்லோரும் தொப்பியைக் கழற்றி நின்றுகொண்டு கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் நாற்காலி, கூத்து, தனித்தனியாக ஆட்டம் எல்லாம். இன்று மாட்டோமேக்கான நாள். லெசெட்ஜா எல்லோருக்கும் தெரிந்த, யாருக்கும் எதையும் நினைவுபடுத்தாத ஒரு ரெக்கார்டைத் தேடிப் பிடித்து முன்கூட்டியே பிளேயரில் வைத்திருந்தார். இரண்டு மணிக்குத்தான் ஆரம்பம்.

ஒன்றரை மணிக்கே முற்றம் நிறைந்துவிட்டது. பதினாலு பேர். வெயில் இதமாக இருந்தது. லெசெட்ஜா அடுப்புப் பக்கம் நின்று இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிளேயருக்குப் பக்கத்தில் ஹுனாடி வந்து நின்றதை அவர் பார்த்தார். பாட்டுப் போட ஆசைப்படுகிறாள் என்று நினைத்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க!" என்றாள் ஹுனாடி. முகம் முழுக்கச் சிரிப்பு. "மாட்டோமே சித்தப்பாவோட ஹில்டாப் செத்துப்போச்சுன்னு போன மாசம் எல்லாரும் வருத்தப்பட்டீங்கல்ல? பப்பா அதுக்கு உயிர் குடுத்திருக்காரு. அவரு சொல்ல மாட்டாரு. அதான் நான் போடறேன்."

லெசெட்ஜாவின் கையில் இடுக்கி இருந்தது. "ஹுனாடி, வேணாம்..." என்று சொல்வதற்குள் முள் இறங்கிவிட்டது.

முதலில் பாஸ் வாத்தியத்தின் கனத்த தந்திகள் மட்டும். நாலு சுற்று. இடையில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. பிறகு டிரம்பெட் மேலே ஏறியது. முள் தின்ற தட்டு இங்கேதான் கிழியும். எந்தத் தட்டாக இருந்தாலும் உச்சத்தில் ஊதுகிற இடத்தில்தான் குட்டு வெளிப்படும். இது கிழியவில்லை. வெயிலில் தெளிவாக நின்று ஊதிற்று.

ஸ்டான்லியின் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. அடுத்த அடி வைக்கவில்லை.

கபோ தொப்பியைக் கழற்றினார். பிறகு மெல்லத் திரும்பி லெசெட்ஜாவைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று ஹுனாடிக்கு மட்டும் தெரியவில்லை. முள் தின்றதை யாராலும் சரி பண்ண முடியாது. போன பள்ளம் போனதுதான்.

பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சத்தம் போட்டிருக்கலாம். என்னடா இது என்று கேட்டிருக்கலாம். பதினாலு பேரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

மோசிமா நின்றிருந்தாள். கறுப்பு உடை, கறுப்புச் சால்வை, தலையில் கறுப்புத் துணி. இடுப்பில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி. சாவுக்குச் சமைக்க மெலிட்டாவிடம் வாங்கியது. துக்கம் காக்கிறவள் பாட்டுக் கேட்கிற வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள். இரண்டு மணிக்குத்தானே தொடங்கும், அதற்குள் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்திருக்கிறாள். கதவைத் தாண்டாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹுனாடியப்பா," என்றாள். "இது அவரோடதா?"

ஹுனாடி முந்திக்கொண்டாள். "ஆமா சித்தி! பப்பா சரி பண்ணிட்டாரு!"

மோசிமா சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மெல்லத் தட்டி, முழங்காலை மடக்கி, தலை குனிந்து கும்பிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரிய உதவிக்கு நன்றி சொல்கிற முறை அது. தெரு வாசலில், புழுதியில், ஒரு விதவை அவருக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

"மூணு வாரமா எனக்கு ஒரு பருக்கை இறங்கல," என்றாள். "அவரு கல்லறைக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்தேன். நான் வச்ச காசுதான் அத அரிச்சுதுன்னு அவர்கிட்டச் சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். மண்ணு என்ன பதில் சொல்லும்? நீங்கதான் என்னக் காப்பாத்தினீங்க." பிறகு, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டாள்: "போன பள்ளத்த எப்படிங்க நெரப்பினீங்க?"

ஹுனாடியும் ஆவலோடு திரும்பினாள். "மரப் பசைதானே பப்பா? ஊத்திக் காயவச்சு உரிச்சீங்களா?"

"பசை தூசியத்தான் எடுக்கும் பொண்ணே," என்றார் கபோ, தணிந்த குரலில். "வேற ஒண்ணும் பண்ணாது."

ஹுனாடி கபோவைப் பார்த்தாள். தொங்கிய தலைகளைப் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அடுப்பில் கையை வைத்திருக்கலாம் என்று லெசெட்ஜாவுக்குத் தோன்றியது.

கபோ நல்ல மனிதர். நண்பன் தடுமாறும்போது ஒரு வழியைத் திறந்துவிட்டார். "நீ போன அன்னைக்குச் சாயங்கால வெளிச்சமா இருந்திருக்கும். வயசாகுதில்ல, கண்ணு தப்பியிருக்கும். அப்படித்தானே லெசெட்ஜா?"

தப்பித்துவிடலாம். ஒரு 'ஆமாம்' போதும். கண் தவறாதவன் என்ற பேர் போகும். ஆனால் திருடன் என்ற பேர் வராது. அவர் உதடு அந்த 'ஆமாம்' சொல்லத் தயாராகிவிட்டது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

மோசிமா இன்னும் நிமிரவில்லை. முழங்கால் மடங்கியபடியே இருந்தது.

"கண்ணு தப்பல," என்றார் லெசெட்ஜா.

இடுக்கியைக் கீழே வைத்தார். வாசல் வரைக்கும் நடந்தார். இருபது அடிதான். அவ்வளவு தூரம் அவர் எப்போதும் நடந்ததில்லை.

"எந்திரிங்க மோசிமா. எனக்குக் கும்புடு போடாதீங்க. நீங்க எதையும் கெடுக்கல. உங்க காசு ஒண்ணும் பண்ணல. அன்னைக்கே அது நல்லாத்தான் இருந்துச்சு. பட்டப்பகல்ல, ஜன்னல் வெளிச்சத்துல, நல்லாப் பாத்தேன். எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்."

மோசிமா நிமிர்ந்தாள். புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்படுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நான் அழுதப்ப நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"தண்ணி கொண்டாந்து குடுத்தீங்க."

"ஆமா."

"குடிங்க, குடிச்சா நெஞ்சடைப்பு போகும்னு சொன்னீங்க."

லெசெட்ஜா தலையை மட்டும் அசைத்தார்.

"வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்," என்றாள் மோசிமா. "அது உங்களுக்கும் தெரியும். அதனால அத விடுங்க. ஆனா அவருகிட்ட ரெண்டு தடவ போயி, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேனே. அத என்ன பண்றது?"

ரெக்கார்டின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. முள் கடைசிப் பள்ளத்தில் டிக், டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் போய் எடுக்கவில்லை. லெசெட்ஜாவே திரும்பி நடந்தார். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். முள்ளைத் தூக்கினார், தட்டை உறையில் போட்டார், அட்டையில் நுழைத்தார். வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

மோசிமா வாங்கவில்லை.

"இந்தக் கறுப்போட நான் பாட்டுச் சாமான் எதையும் தொடக் கூடாது. தெரியாதா உங்களுக்கு? அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை இந்தக் கறுப்ப அவுத்துத் துக்கம் முடிக்கறாங்க. அவரோட ஆளுங்க எல்லாரும் வருவாங்க. சங்கமும் வரும். அன்னைக்கு நீங்களே எடுத்துட்டு வாங்க. இப்ப எங்கிட்டச் சொன்னத அங்க நின்னு, இதே மாதிரி, எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லுங்க. அப்பறம் வாங்கிக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"உங்க வீட்டுலயே இருக்கட்டும். ஆனா ஒளிச்சு வைக்காதீங்க. வரவங்க போறவங்க கண்ணுல படற இடத்துல வைங்க."

சால்வையைச் சரிசெய்துகொண்டாள். கிளம்பும்போது திரும்பி, "சட்டிய நல்லாத் தேச்சிருக்கேன்னு மெலிட்டாகிட்டச் சொல்லுங்க," என்றாள். தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

*

ஸ்டான்லி சத்தமில்லாமல் ஒலிபெருக்கி வயரைச் சுருட்டத் தொடங்கினான். இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். அப்போதுதான் மெலிட்டா படியில் வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சாப்பிடாம ஒருத்தரும் வாசலத் தாண்டக் கூடாது. நாலு மணி நேரமா வெந்திருக்கு அந்தக் குடல்." பிறகு கணவரைப் பார்த்து, "வீட்டுக்காரர் நீங்க. நீங்களே எல்லாருக்கும் குடுங்க," என்றாள்.

கொடுத்தார். சோளக் களி, குடல் குழம்பு, மாங்காய் அச்சார். பதினாலு தட்டு, பதினாலு தடவை. ஒவ்வொருவரும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டான்லிக்கு ஒரு கேலிகூட வரவில்லை. கபோ தட்டை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "காலையில ஒண்ணு பாத்தியே... 'நல்லது'ன்னு போடச் சொன்னியே... அத நான் வீட்டுல ஒரு தரம் போட்டுக் கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காத."

"இல்ல," என்றார் லெசெட்ஜா. "கேட்டுப் பாத்துக்கோ."

இருபது வருடத்தில் அவர் தரம் சொன்ன ஒன்றை யாரும் இரண்டாம் தடவை சோதித்ததில்லை. இனி எல்லோரும் சோதிப்பார்கள். அந்த நிமிஷம் அவருக்கு அது முழுசாக உறைத்தது.

மூன்று மணிக்கெல்லாம் முற்றம் காலி. லெசெட்ஜா கூடத்துக்கு வந்தார். ஹில்டாப் ரெக்கார்டைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் சாய்த்து வைத்தார். அந்த ஆறு மனிதர்களும் அவரையே பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹுனாடி எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தார். திட்ட வேண்டும் என்று விரும்பவும் செய்தார்.

"அக்டோபர்ல நானும் உங்ககூட வந்து நிக்கறேன்," என்றாள்.

"நீ எதுக்கு? நீ என்ன பண்ண?"

"எழுதினது என் கைதானே. 'முள் தின்றது'ன்னு கோடு வேற போட்டு அழகா எழுதினேன். சித்தி வீட்டுல அந்தப் பட்டியல் இன்னும் இருக்கு."

லெசெட்ஜா முகத்தைப் பொத்திக்கொண்டார். முற்றத்தில் பதினாலு பேர் முன்னால் வராத அழுகை இப்போது வந்தது. மகள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். டீச்சர் குரலில் அல்ல, சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டாள்:

"பப்பா, இது ஒண்ணுதானா? வேற எதுவும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு தடவ இப்படி ஊர் முன்னாடி எனக்குத் தெரிய வேணாம்."

லெசெட்ஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் தரையைப் பார்த்தபடி. "எங்க கல்யாணத்தப்ப உங்கம்மா அவ வீட்டுலேருந்து ஒரே ஒரு ரெக்கார்டு கொண்டாந்தா. அவங்கப்பா குடுத்தது. வீடு மாறினப்ப ஒடைஞ்சுபோச்சுன்னு சொன்னேன்."

"ஆமா. மம்மா இன்னும் அதச் சொல்லி வருத்தப்படுவாங்க."

"ஒடையல."

சமையலறையில் மெலிட்டா சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று.